4-ம் தலைமுறை ஐ5, ஒரு கோர் 2 டியோ: பென்டிரைவ் வழியா விண்டோஸ் 11 போடலாமா?

மன்னை டைப்பிங் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடியில ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ், பத்திர நகல் இதெல்லாம்தான் வேலை. இப்ப பாதிக்குப் பாதி ஆன்லைன் விண்ணப்பமும் சேர்ந்துடுச்சு. அதுதான் பயமா இருக்கு. ஜனங்க ஆதார், பேங்க் விவரம் எல்லாம் நம்மளை நம்பி சொல்றாங்க. விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுபோச்சுன்னு தெரிஞ்சதும் தூக்கம் போச்சு.

கடையில இரண்டு கம்ப்யூட்டர் இருக்கு.

முதல் மிஷின் ஐ5-4460, எச்81 போர்டு, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10 ஒரிஜினல், ஆக்டிவேட் ஆகியிருக்கு. பக்கம் செட் பண்ற பேஜ்மேக்கர் 7, பாமினி, வானவில் ஃபான்ட் எல்லாம் இதுலதான். கேனன் எல்பிபி 2900 பிரிண்டரும் இதுலதான் மாட்டியிருக்கு.

இன்னொண்ணு கோர் 2 டியோ இ7500, ஜி41 போர்டு, 4 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க். வேலைக்கு வர்ற பொண்ணு இதுல மேட்டர் அடிச்சுக் கொடுக்கும், நான் முதல் மிஷின்ல செட் பண்ணுவேன். கீபோர்டு டிவிஎஸ் கோல்டு, பழைய உருண்டை பின். மிஷின் போனாலும் அந்தக் கீபோர்டை மட்டும் விடமாட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு.

மைக்ரோசாஃப்ட் பக்கத்துலேர்ந்தே பென்டிரைவ் தயார் பண்ணி ஐ5-ல போட்டேன். "இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது"ன்னு ஒரே வரியில முடிச்சுடுச்சு. பக்கத்துல சர்வீஸ் பண்றவர்கிட்ட கேட்டா போர்டு, ப்ராசஸர், ரேம் மூணும் மாத்தணும்னு சொல்லி ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஜெராக்ஸ் டிரம்மே மாத்திடலாம். இரண்டு மிஷின்லயும் பென்டிரைவ் வச்சே 11 ஏத்த வழி இருக்கா? பேஜ்மேக்கர் போயிடக் கூடாது. அதோட சிடி இப்ப எங்க இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.


பிட்டு பைட்டு எழுதியது:

ரூஃபஸ்னு பென்டிரைவ் தயார் பண்ற இலவச ப்ரோகிராம் இருக்கு, அதை இறக்குங்க, 11-ஓட ஐஎஸ்ஓவை (முழு இன்ஸ்டால் ஃபைல்) காட்டுங்க, ஸ்டார்ட் அழுத்தினதும் ஒரு பெட்டி வரும். அதுல டிபிஎம் (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (மிஷின் கிளம்பும்போது நடக்கிற பாதுகாப்புச் சோதனை) வேண்டாம்ங்கற முதல் டிக்கைப் போடுங்க. பென்டிரைவ் ரெடி. பூட் பண்ணி இன்ஸ்டால் அடிங்க. இரண்டு மிஷின்லயும் அரை நாள்ல முடிஞ்சுடும். இதுக்கு ஏன் அக்கா தூக்கம் போகணும்?


குடந்தை சர்வீஸ் எழுதியது:

தம்பி சொன்னது ஐ5-க்குப் பாதி சரி, கோர் 2 டியோவுக்கு முழுக்கத் தப்பு. இரண்டையும் தனித்தனியாப் பார்க்கணும் அக்கா.

விண்டோஸ் 11 கேட்கிற விஷயங்கள்ல இரண்டு வகை உண்டு. ஒண்ணு, வாசல்ல நின்னு மறிக்கிறது: டிபிஎம் 2.0, செக்யூர் பூட், இன்டெல்ன்னா 8-ம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும்ங்கற பட்டியல். இதெல்லாம் இல்லாட்டியும் விண்டோஸ் ஓடும், ஆனா செட்டப் உள்ளே விடாது, அவ்வளவுதான். ரூஃபஸ் பண்றது இந்த மறிக்கிற ஆளை நகர்த்திவிடுறது மட்டும்தான். 4460-ஐ அப்படி உள்ளே விட்டா நல்லாவே ஓடும். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருக்கு, டைப்பிங் வேலைக்கு அதுவே தாராளம்.

இரண்டாவது வகையை யாராலயும் நகர்த்த முடியாது. 2024-ல வந்த 24எச்2 பதிப்புலேர்ந்து ப்ராசஸருக்குள்ள எஸ்எஸ்இ 4.2-ம் பாப்கவுன்ட்டும் இருந்தே ஆகணும். இது ப்ராசஸரோட சிலிக்கான்லயே இருக்கிற கட்டளை. விண்டோஸ் அந்தக் கட்டளையைக் கூப்பிடும், ப்ராசஸர் எனக்குத் தெரியாதுன்னு சொல்லும், அத்தோட சரி. இ7500-ல எஸ்எஸ்இ 4.1 வரைக்கும்தான் இருக்கு. சிபியு-இசட்னு ஒரு சின்ன ப்ரோகிராம் இலவசமாக் கிடைக்கும், ஓட்டிப் பார்த்தா இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்ங்கற வரியிலேயே தெரியும். அந்த மிஷின்ல 24எச்2 பென்டிரைவைப் போட்டா விண்டோஸ் லோகோ வரும், ரீஸ்டார்ட் ஆகும், திரும்ப லோகோ வரும். இன்ஸ்டால் திரை வரைக்கும்கூடப் போகாது. ரூஃபஸ்ல எத்தனை டிக் போட்டாலும் இதேதான்.

அப்ப பழைய 23எச்2 போடலாமேன்னு யாராவது வருவாங்க. போடலாம், ஏறும். ஆனா ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு அதோட அப்டேட் 2025 நவம்பர் 11-லயே முடிஞ்சுபோச்சு. அப்டேட் நின்ன 10-லேர்ந்து அப்டேட் நின்ன 11-க்கு மாறி என்ன பிரயோஜனம்? ஜனங்களோட ஆதார் நம்பரைப் பத்திக் கவலைப்பட்டுத்தானே கேட்டீங்க.

இப்ப ஐ5-க்கு வருவோம். இங்கதான் தம்பி சொன்ன பாதி இடிக்குது. பென்டிரைவ்லேர்ந்து பூட் பண்ணி இன்ஸ்டால் பண்ணினா அது புது வீடு குடிபோறது மாதிரி. பேஜ்மேக்கர் வராது, ஃபான்ட் வராது, பிரிண்டர் வராது. உங்ககிட்ட சிடியும் இல்லைங்கறீங்க. அதனால பூட் பண்ணவே பண்ணாதீங்க. விண்டோஸ் 10 ஓடிட்டிருக்கும்போதே ரூஃபஸ்ல தயார் பண்ணின பென்டிரைவைச் செருகி, அதுக்குள்ள இருக்கிற செட்டப்பை டபுள் கிளிக் பண்ணுங்க. ரூஃபஸ் 4.6-லேர்ந்து இந்த வழிக்கும் தடையை நீக்கித் தருது. அதனால புதுப் பதிப்பையே இறக்குங்க. பல கடைகள்ல 2021-ல இறக்கின ரூஃபஸையே இன்னும் வச்சுக்கிட்டு வேலை செய்யலைன்னு புலம்புறாங்க.

அடுத்து, எத்தனையோ பேர் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. செட்டப் ஓடும்போது "ஃபைல்களும் ஆப்களும் அப்படியே இருக்கட்டும்"னு ஒரு தேர்வு வரும். அது மங்கலா, கிளிக் பண்ண முடியாம இருந்தா அங்கயே நிறுத்திடுங்க. அடுத்து அடுத்துன்னு தட்டிக்கிட்டே போனா பேஜ்மேக்கர் காலி. அது மங்கறதுக்குப் பெரும்பாலும் மொழிதான் காரணம். விண்டோஸ் இங்கிலீஷ்லயே யு.எஸ்., இன்டர்நேஷனல்னு இரண்டு இருக்கு. உள்ளே இருக்கிறது ஒண்ணு, ஐஎஸ்ஓ இன்னொண்ணுன்னா ஆப்களை வச்சுக்க விடாது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி: செட்டிங்ஸ்ல வால்பேப்பர் மாத்துற பகுதிக்கு பர்சனலைசேஷன்னு பேர் போட்டிருக்கும். அந்தச் சொல்லோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல இசட் இருந்தா யு.எஸ்., அந்த இடத்துல எஸ் இருந்தா இன்டர்நேஷனல். அதுக்கேத்த ஐஎஸ்ஓவை இறக்குங்க.

பென்டிரைவ் 16 ஜிபியா இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு வாசல்ல 100 ரூபாய்க்கு 64 ஜிபின்னு விக்கிறதை வாங்காதீங்க. கொள்ளளவு பொய்யா இருக்கும், பாதி எழுதினதும் மிச்சம் காத்துல போகும். ரூஃபஸ்லயே பேட் பிளாக் சோதனைன்னு ஒரு டிக் இருக்கு. நேரம் எடுக்கும், ஆனா போலி டிரைவைக் காட்டிக் கொடுத்துடும்.


மன்னை டைப்பிங் எழுதியது:

தம்பி, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா யாரும் சொல்லலை. செட்டிங்ஸ்ல பார்த்துட்டேன், எஸ்தான் இருக்கு, அப்ப இன்டர்நேஷனல். நான் முதல்ல இறக்கி வச்சிருந்தது யு.எஸ்.

சில சந்தேகம். 11 ஏத்தினதுக்கு அப்புறம் அப்டேட் வருமா வராதா? ஒரிஜினல் லைசென்ஸ் போயிடுமா? பேஜ்மேக்கர் 11-ல ஓடுமா? கோர் 2 டியோவை என்னதான் பண்றது, காயலான் கடைக்கா? அதுல 32 பிட் விண்டோஸ்னு காட்டுது.


குடந்தை சர்வீஸ் எழுதியது:

லைசென்ஸ் போகாது. 10 ஒழுங்கா ஆக்டிவேட் ஆகியிருந்தா அதே போர்டுல 11-ம் தானா ஆக்டிவேட் ஆயிடும். (விண்டோஸ் 7 கீயை வச்சு 11-ஐ ஆக்டிவேட் பண்றது முன்னாடி நடந்துச்சு, 2023 செப்டம்பர்ல அந்தக் கதவைச் சாத்திட்டாங்க. இப்பவும் சிலர் அந்தக் கீயை வித்துக்கிட்டு இருக்காங்க, ஏமாந்துடாதீங்க.)

அப்டேட்தான் முக்கியம். மாசாமாசம் வர்ற பாதுகாப்பு அப்டேட் இந்த மாதிரி மிஷின்களுக்கும் இதுவரைக்கும் வந்துகிட்டுத்தான் இருக்கு. ஆனா தகுதி இல்லாத மிஷினுக்கு அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாதுன்னு மைக்ரோசாஃப்ட் எழுத்துலயே சொல்லியிருக்கு. அதையும் தெரிஞ்சுகிட்டுப் பண்ணுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பெரிய பதிப்பு பொதுவா தானா வராது. அந்தச் சமயத்துல புது ஐஎஸ்ஓ, ரூஃபஸ், செட்டப்புன்னு இதே வேலையை மறுபடி பண்ணணும். 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும், 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12 வரைக்கும்தான் ஆயுசு. அதனால எடுத்தவுடனே 25எச்2-வே போடுங்க.

பேஜ்மேக்கர் 7 ஓடும். இப்பவே உங்க 10 64 பிட்டா இருந்து அதுல ஓடுதுன்னா 11-ல தகராறு இல்லை. இன்னும் பழைய 16 பிட் ப்ரோகிராம் ஏதாவது வச்சிருந்தாத்தான் ஓடாது. 11-ல 32 பிட் பதிப்பே கிடையாது. அதனாலயும் உங்க கோர் 2 டியோவை உள்ளேயிருந்து அப்கிரேடு பண்ண வழியில்லை.

அவசரம் இல்லைன்னா இன்னொரு வழியும் இருக்கு. விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தர்றாங்க. 10 22எச்2-வா இருக்கணும், மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசில்லாமலே சேரலாம். அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கான இணைப்பு காட்டும். முகூர்த்த சீசன்ல தலைக்கு மேல வேலை இருக்கும்போது நடுவுல மிஷினைத் திறக்க வேண்டாம். இதுல சேர்ந்துகிட்டு, ஆடி பிறந்து கடை காத்தாடும்போது 11-ஐ ஏத்துங்க.

ஏத்துறதுக்கு முன்னாடி எல்லா வேலையையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்க. ஃபான்ட் ஃபோல்டரையும் தனியா எடுங்க, அதை எல்லாரும் மறந்துடுறாங்க. சி டிரைவ்ல 40 ஜிபியாவது காலி பண்ணுங்க. செட்டப் தொடங்கினதும் அப்டேட்டை இப்பவே இறக்கட்டுமான்னு கேட்கும், இப்ப வேண்டாம்னு போடுங்க. ஏறினதுக்கு அப்புறம் பிடிக்கலைன்னா 10 நாளைக்குள்ள ரெகவரி பகுதியிலேர்ந்து பழைய 10-க்கே திரும்பிடலாம். அந்தப் 10 நாளும் டிஸ்க் கிளீனப் எதையும் ஓட்டாதீங்க, திரும்பற வழியை அது துடைச்சுடும்.

கோர் 2 டியோவுக்கு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ்தான். அதைப் பத்தி இங்க என்னைவிட நல்லா சொல்ற ஆள் இருக்கார்.


யாழ் பெங்குவின் எழுதியது:

கூப்பிட்டபடியால் வந்திட்டன்.

அக்கா, அந்தக் கோர் 2 டியோவை எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட் 22, அதில பழைய மிஷினுக்குப் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கோ. 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும், ஒருத்தரும் டிபிஎம் கேட்கமாட்டினம். 4 ஜிபி காணும். ஏலுமெண்டால் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கோ. அந்த போர்ட்டில சாட்டா 2 வேகம்தான் வரும், எண்டாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கோட பார்க்க மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதுக்கும் ரூஃபஸே போதும். உங்கட போர்ட் பழைய பயாஸ், அதனால பார்ட்டிஷன் வகையை எம்பிஆர் எண்டு வையுங்கோ. பூட் செய்தவுடனே நேரா இன்ஸ்டால் கேட்காது, பென்டிரைவில இருந்தே முழு டெஸ்க்டாப்பும் வரும். அப்பிடியே டைப் அடிச்சுப் பாருங்கோ, வைஃபை, சத்தம் எல்லாம் பாருங்கோ. திருப்தி எண்டால் மட்டும் இன்ஸ்டால் ஐகானைத் தட்டுங்கோ. அதுவரைக்கும் உள்ளுக்கு இருக்கிற டிஸ்க்கில ஒரு எழுத்தும் மாறாது. உருண்டை பின் கீபோர்டும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் வேலை செய்யும், அந்தப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோ.

இனி பாமினி. நாங்கள் இங்க பாமினியிலதான் வளர்ந்தனாங்கள், அதனால இதை உறுதியாச் சொல்லுவன். பாமினி யுனிகோட் இல்லை, இங்கிலீஷ் எழுத்துகள் இருக்கிற இடத்தில தமிழ் உருவங்களை வரைஞ்சு வைச்ச ஃபான்ட். அதால அதுக்கெண்டு தனி சொஃப்ட்வெயர் ஒண்டும் தேவையில்லை. ஃபான்ட் ஃபைலை மின்டில திறந்து இன்ஸ்டால் எண்டு குடுத்தால், லிப்ரே ஆபிஸில (வேர்ட் மாதிரி ஒண்டு) பாமினியைத் தெரிஞ்சு அடிக்கத் தொடங்கலாம். விரல் பழக்கம் மாறாது. ஆர்டிஎஃப் வகை ஃபைலாச் சேமிச்சுக் குடுத்தால் பேஜ்மேக்கர் எடுக்கும்.

ஒரு விசயம் மட்டும் முதல் நாளே செய்யோணும். லிப்ரே ஆபிஸில டூல்ஸ் மெனுவுக்குள்ள ஆட்டோகரெக்ட் எண்டு இருக்கும். வசனத்தின்ர முதல் எழுத்தைத் தானா கேப்பிட்டல் ஆக்கிறது, இரண்டு கேப்பிட்டல் வந்தால் திருத்திறது, மேற்கோள் குறியை வளைக்கிறது, இந்த மூண்டையும் நிறுத்துங்கோ. பாமினியில சின்ன எழுத்து ஒரு தமிழ் எழுத்து, கேப்பிட்டல் வேற தமிழ் எழுத்து. அது தன்பாட்டில திருத்தினால் ஒவ்வொரு வசனத்தின்ர தொடக்கமும் வேற எழுத்தா மாறிப்போகும். மாப்பிள்ளையின்ர பேரில பிழை வந்தால் பிறகு கதை கந்தல்.

எல்பிபி 2900-ஐ மட்டும் லினக்ஸில மாட்ட வெளிக்கிடாதேங்கோ. ஏலாது எண்டில்லை, பாடு அதிகம். பிரிண்டர் ஐ5-லயே இருக்கட்டும். பிள்ளை பிடிஎஃப் ஆக்கி ஷேர் ஃபோல்டரில போட்டால் நீங்கள் இஞ்சால பிரிண்ட் எடுக்கலாம்.


பிட்டு பைட்டு எழுதியது:

பாப்கவுன்ட் விஷயம் எனக்குப் புதுசு. அப்ப கோர் ஐ வகை எல்லாத்துக்கும் 24எச்2 ஏறுமா? எங்க வீட்டுல ஸ்கூல்ல கொடுத்த அரசு லேப்டாப் ஒண்ணு இருக்கு, பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து வந்தது.


குடந்தை சர்வீஸ் எழுதியது:

இன்டெல்ல முதல் தலைமுறை கோர் ஐ-லேர்ந்தே எஸ்எஸ்இ 4.2 உண்டு, ஏஎம்டியில 2011-ல வந்த புல்டோசர்லேர்ந்து. ஆனா அரசு லேப்டாப் ஒவ்வொரு வருஷமும் வேற வேற ப்ராசஸரோட வந்துச்சு. கோர் ஐ-ன்னு நினைச்சுக்காதே, சிபியு-இசட்ல பார்த்துட்டுச் சொல்லு. அப்புறம் கட்டளை இருக்குங்கறதும் நல்லா ஓடும்ங்கறதும் வேற வேற. 2 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் வச்சுக்கிட்டு 11 போட்டா ஸ்டார்ட் மெனு திறக்கிறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம்.


மன்னை டைப்பிங் எழுதியது:

ஐ5-ல 25எச்2 ஏத்தியாச்சு. இன்டர்நேஷனல் ஐஎஸ்ஓ போட்டதும் அந்தத் தேர்வு மங்காம வந்துச்சு. பேஜ்மேக்கர் இருக்கு, ஃபான்ட் இருக்கு, ஆக்டிவேஷனும் ஆயிடுச்சு. ஆடி வரைக்கும் பொறுக்க முடியலை, மார்கழியில வேலை குறைவா இருந்துச்சு, அப்பவே போட்டுட்டேன். பழைய கோயில் நோட்டீஸ் ஒண்ணைத் திறந்து பார்த்தேன், ஒரு வரிகூட நகரலை.

கோர் 2 டியோவுல மின்டை இன்னும் இன்ஸ்டால் பண்ணலை, பென்டிரைவ்லயே ஓட்டிக்கிட்டு இருக்கோம். அந்தப் பொண்ணு ஆட்டோகரெக்டை நிறுத்திட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி முழுசா அடிச்சுடுச்சு. ஆனா மறுநாள் திறந்தா ஃபான்டையும் காணோம், ஃபைலையும் காணோம். இது ஏன்?

இன்னொண்ணு, ஐ5-ல பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது.


யாழ் பெங்குவின் எழுதியது:

பென்டிரைவில ஓடேக்க எல்லாம் ரேமுக்குள்ளதான் இருக்கும், நிப்பாட்டினால் அழிஞ்சிடும். டிஸ்க்கில இன்ஸ்டால் செய்தால் நிலைக்கும். அதுவரைக்கும் வேலையை வேற பென்டிரைவில சேமியுங்கோ.


குடந்தை சர்வீஸ் எழுதியது:

பிரிண்டர் கேபிளை வேற யூஎஸ்பி ஓட்டையில மாத்திச் செருகியிருப்பீங்க, 11 ஏத்துறதுக்கு முன்னாடி மாட்டியிருந்த அதே ஓட்டையிலயே போட்டுப் பாருங்க. அப்பவும் வரலைன்னா டிரைவரை நீக்கிட்டு, கேனன் பக்கத்துலேர்ந்து கேப்ட்னு பேர் போட்ட 64 பிட் டிரைவரை இறக்குங்க. இன்ஸ்டால் பண்ணும்போது கேபிளைக் கழட்டி வச்சிருங்க. செருகுன்னு அது கேட்கும், அப்பதான் செருகணும்.